வயிற்றுவார்

எங்கள் அம்மம்மா வீட்டுக்கு யாராவது சொந்தம் என்று வந்தால், தண்ணீர் கொடுத்த கையோடு கேட்பார்: "எந்தக் குடி?" பதில் வந்ததும் அடுத்த கேள்வி, "எந்த வயித்துவார்?" தாய்வழியாக வரும் ஒரே குடிக்குள், ஒரு தாயின் வயிற்றில் இருந்து இறங்கிய கிளைக்கு மட்டக்களப்பில் அந்தப் பெயர்.

போன மாதம் கானாவின் அசாந்தி மக்களைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கும் தாய்வழிக் குடி உண்டு, அபுசுவா என்பார்கள். அதற்குள் ஒரே தாயின் கிளைக்குச் சொல்லும் பெயர் யாஃபுனு. வயிறு என்றுதான் அர்த்தம். உடனே அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

வெள்ளைக்காரன் பிடிப்பதற்கு முந்திய அசாந்தியில், ஆணின் சொத்து மகனுக்குப் போகாது, சகோதரி மகனுக்குப் போகும். ஆகவே பிள்ளைப்பேறுதான் குடிக்கு வரவு. பத்தாவது பிள்ளை பெற்றவளுக்குக் கணவன் ஒரு செம்மறியாடு கொடுப்பான். பிள்ளைக்கு ஏங்குகிறவள் அகுவாபா என்ற மரப்பொம்மையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு திரிவாள். கல்யாணம் முடிந்தும் பல பெண்கள் தாய் வீட்டிலேயே இருந்தார்கள். பொழுதுபடும் நேரம் பிள்ளைகள் சாப்பாட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு தகப்பன் வீட்டுக்கு நடப்பார்கள். எங்கள் பக்கம் மாப்பிள்ளையே பெண் வீட்டுக்கு வந்துவிடுவதால் அந்த நடை மிச்சம்!

அரசனாக வரவேண்டியவனை முன்மொழிவதும் ராஜமாதாதான். 1900 இல் பிரித்தானியருக்கு எதிராகப் போரை நடத்திய யா அசாந்தேவா, எஜிசு ஊரின் ராஜமாதா.

என்னை உலுக்கியது வேறு. அசாந்திக்கு வடக்கில் இருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட பெண்ணுக்கு அங்கே அபுசுவா இல்லை. அதனாலேயே அவளைக் கட்ட ஆண்கள் விரும்பினார்கள். பிள்ளைகள் தகப்பனின் கிளையோடு சேர்ந்துவிடும், உரிமை கேட்டு வர ஒரு தாய்மாமன் இல்லை. எத்தனை பிள்ளை பெற்றாலும் தன் குடி என்று சொல்ல ஆளில்லாத ஏழைதான் அவள். ஒருவருடைய பூர்வீகத்தை இன்னொருவர் வெளியில் சொல்லக் கூடாது என்றும் அங்கே சட்டம் இருந்தது. பிள்ளைகளை யாரும் அடிமை வழி என்று இழிவாகப் பேச முடியாது. ஆனால் அந்தத் தாயின் ஊரும் அதோடு போய்விடும்.

கல்லடியில் அம்மம்மா அம்மாவுக்குச் சீதனமாக எழுதிய வீட்டை 2004 சுனாமி கொண்டுபோனது. பிறகு கிடைத்த வீட்டின் உறுதியில் குடும்பத் தலைவர் என்று அப்பாவின் பெயர் இருந்தது. அம்மா அந்தக் கடதாசியை மடிக்காமல் நெடுநேரம் வைத்திருந்தார். "அவர் நல்ல மனுசன்தான். எண்டாலும் எங்கட அம்மா தந்த வளவு இல்லையே இது" என்றார். தங்கச்சியின் கல்யாணத்துக்கு முதல் வாரம் அப்பாவே அதை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். அன்றைக்குத்தான் அம்மா அந்த வீட்டு முற்றத்தில் முருங்கைக் கம்பு நட்டார்.

அந்த அடிமைப் பெண்ணின் கதையை எல்லாம் கேட்டுவிட்டு அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அந்தப் பொம்புளைக்கும் ஒரு தாய் இருந்திருப்பாதானே புள்ள, பேரப்புள்ளைகளுக்கு அவட பேராவது தெரிஞ்சிருக்குமா?"