வரிசையை உடைத்தவன் நான்தான்

தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க்கில் எனக்கு ஆறு மாத வேலை. ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை, "பறவை சுடப் போறோம், வர்றியா?" என்றார் அலுவலக நண்பர். துப்பாக்கியைத் தொட மாட்டேன், சும்மா கூட நடக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஏறினேன். தெற்கே மூன்று மணி நேரம் போனால் ஃப்ரீ ஸ்டேட் மாகாணம். அங்கே பெத்லஹேம் என்ற ஊரைத் தாண்டி ஒரு பண்ணை.

அந்தப் பக்கம் ஜூன் என்றால் குளிர்காலம். கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேல் என்பதால் விடியும்போது புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. மக்காச்சோளம் பாதி அறுத்தாகிவிட்டது. சிந்திக் கிடக்கும் மணிகளுக்காகப் பறவைகள் வருகின்றன, முக்கியமாகக் கின்னிக்கோழி. நம்மூரில் வீட்டுக்குக் காவலாக வளர்ப்பார்களே, அதேதான். அதற்குப் பூர்வீகமே ஆப்பிரிக்கா. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் டாரண்டால் என்கிறார்கள்.

வழிகாட்டிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எல்லோரும் அவரை 'ஊம்' என்று கூப்பிட்டார்கள். மாமா, பெரியப்பா மாதிரி ஒரு மரியாதைச் சொல்லாம். எனக்கென்னவோ கதை கேட்டு 'ஊம்' கொட்டுவது போலவே இருந்தது. அவர் ஒரே விதியை மூன்று முறை சொன்னார்: பறவைக்குப் பின்னால் வானம் தெரிந்தால்தான் சுட வேண்டும். காரணம், எதிரிலிருந்து பதினைந்து பேர் நடந்து வருவார்கள். அந்தப் பதினைந்தில் நானும் ஒருவன்.

கின்னிக்கோழி லேசில் பறக்காது, ஓடும். அதனால் துப்பாக்கிக்காரர்கள் வயலின் ஒரு முனையில் மறைந்து நிற்க, மறுமுனையிலிருந்து நாங்கள் கலைத்துக்கொண்டு வர வேண்டும். ஆளுக்கொரு குச்சி, அதில் பழைய உரச்சாக்குத் துண்டு. ஆட்டினால் படபடவென்று சத்தம். எனக்கு வலப்பக்கம் நடந்த பசோத்தோ இனப் பெரியவர், இடைவெளி விடாமல் வரச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

நான் விட்டேன். கால்சட்டை முழுக்கக் கருப்பு ஊசி விதைகள் ஒட்டியிருந்தன. குனிந்து நாலைப் பிடுங்குவதற்குள் வரிசை முன்னே போய்விட்டது. அந்தச் சந்துக்குள் சோளத் தாள்கள் சரசரத்தன. சாம்பல் உடம்பில் வெள்ளைப் புள்ளி, நீல முகம், உச்சந்தலையில் எலும்புக் கொம்பு. கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு முப்பதுக்குக் குறையாமல் என் முழங்காலை உரசாத குறையாக ஓடின. ஒன்றுகூடப் பறக்கவில்லை. பெரியவர் திரும்பிப் பார்த்தார், அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முனையில் நின்றவர்களுக்கு மிஞ்சியது ஆறே பறவைகள்.

சாயங்காலம் புல்வெளியில் கவுதாரி. இங்கே வேலை முழுவதும் நாயுடையது. பாயிண்டர் இன நாய் காற்றுக்கு எதிராகக் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, திடீரென்று சிலையாகிவிடும். முன்னங்கால் ஒன்று மடங்கி அந்தரத்தில் நிற்கும், வால் விறைத்துவிடும், மூக்கு நுனி மட்டும் துடிக்கும். ஊம் பக்கத்தில் போய்ப் புல்லைக் காலால் தட்டியதும் 'புர்ர்' என்று எழுந்தன. நண்பர் இரண்டு தோட்டாவையும் விட்டார், இரண்டும் வீண். நாய் நிமிர்ந்து அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

எங்களோடு வந்த இத்தாலிக்காரர் இருவர் சொந்தத் துப்பாக்கியோடு வந்திருந்தார்கள். அதற்கு விமான நிலையப் போலீஸிடம் எஸ்.ஏ.பி.எஸ். 520 என்ற படிவம் கொடுத்துத் தற்காலிக அனுமதி வாங்க வேண்டும். அங்கேயே அரை நாள் போயிற்றாம். பண்ணையில் வாடகைக்கே எடுத்திருக்கலாம்.

செத்த பறவைகளைத் தரையில் வரிசையாக அடுக்கி, பின்னால் நின்று படமெடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. சமையல்கட்டுப் பக்கம் நகர்ந்துவிட்டேன். அங்கே கலைத்தவர்கள் தங்கள் பங்குப் பறவைகளைக் காலைக் கட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் கையில் இரண்டு.

ராத்திரி மூன்று கால் இரும்புப் பானையில் கின்னிக்கோழிக் குழம்பு. மூன்று மணி நேரம் வெந்தும் தொடைக்கறி கொஞ்சம் விறைப்புத்தான். மூன்றாவது வாயில் பல்லில் ஏதோ நறுக்கென்றது. துப்பிப் பார்த்தால் கடுகு அளவில் ஒரு ஈயக் குண்டு. வெளியே தைல மரங்களில், காலையில் என்னிடம் தப்பியவையோ என்னவோ, அடைவதற்கு இடம் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தன.