லண்டன் மந்திரியும் மேலூர் வாய்க்காலும்

மேலூர்ப் பக்கம் எங்கள் வயலுக்கு வரும் பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீரில் மடையைத் திறந்துவிட்டுக் கால் நனைக்கும்போதெல்லாம், முல்லைப் பெரியாறு அணைக்காக எழுதப்பட்ட 1886ஆம் ஆண்டின் குத்தகைப் பத்திரம் நினைவுக்கு வரும். ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வீதம் சுமார் 8,000 ஏக்கரை 999 ஆண்டுகளுக்குத் திருவிதாங்கூர் மகாராஜாவிடமிருந்து எழுதி வாங்கிய தரப்பாக அதில் நிற்பவர் மதுரைக் கலெக்டரும் அல்லர், சென்னை கவர்னரும் அல்லர். பிரிட்டிஷ் மந்திரிசபையில் இந்திய விவகாரங்களுக்குப் பொறுப்பாக லண்டனில் இருந்த இந்தியா மந்திரி. 1858இல் கம்பெனியிடமிருந்து ஆட்சியை எடுத்துக்கொண்ட பிரிட்டிஷ் முடியாட்சி, இங்கே ஒருநாளும் வந்திராத விக்டோரியா மகாராணியின் பெயரால் ஆண்டாலும், அதிகாரம் அந்த மந்திரியிடமும் அவருடைய 15 பேர் கொண்ட ஆலோசனைச் சபையிடமும்தான் இருந்தது. வைஸ்ராய், கவர்னர், கலெக்டர் என்று ஆணை படிப்படியாக இறங்கி வந்தது. தண்ணீர் வந்தது பெரும் நன்மை. அதை மறுக்க எனக்கு மனம் வராது. ஆனால், அந்த மந்திரியின் சம்பளம்கூட 1919ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை நம் குடியானவன் கட்டிய தீர்வையும் சேர்ந்த இந்திய வருவாயிலிருந்தே போயிற்று என்பதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.