முதல் தேசிய யூனிசைக்கிள் போட்டி: போகும் முன், பாதையில், கோட்டைத் தாண்டும் வரை

ஒற்றைச் சக்கர வண்டியான யூனிசைக்கிளின் தேசியப் போட்டியில் வேகத்தில் தோற்றால் ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். வண்டியின் அளவு விதிக்குள் வராமல், அளவுநாடாவில் தோற்றுவிட்டுத் திரும்புவதுதான் எரிச்சல். முதல் முறை வருகிறவர்களில் பலர் அப்படித்தான் திரும்புகிறார்கள். அதனால் பயிற்சிக் கணக்கை ஒதுக்கிவிட்டு வண்டியிலிருந்தே தொடங்கலாம்.

பெரும்பாலான தேசியப் போட்டிகள் சர்வதேச யூனிசைக்கிள் கூட்டமைப்பின் விதிப்புத்தகத்தையே அடிப்படையாக வைத்து, சில திருத்தங்களோடு நடக்கின்றன. எந்த ஆண்டுப் பதிப்பு என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டு வைக்க வேண்டும். வயதுப் பிரிவைப் போட்டியின் முதல் நாளில் உள்ள வயதை வைத்து முடிவு செய்வார்கள். படிவம் நிரப்பிய நாளின் வயது கணக்கில் வராது. இடையில் பிறந்தநாள் வருகிறதென்றால் பிரிவு மாறிவிடும்.

தடகளப் பந்தயங்களின் வழக்கமான வண்டி 24 அங்குலம். டயரோடு சேர்த்து விட்டம் 618 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, கிராங்க், அதாவது பெடலைச் சக்கர அச்சோடு இணைக்கும் தண்டு, 125 மி.மீ.க்குக் குறையக்கூடாது. கிராங்கை அளப்பது அச்சின் மையத்திலிருந்து பெடல் அச்சின் மையம் வரை, முனையிலிருந்து முனைக்கு அல்ல. விட்டத்தில்தான் ஏமாறுவார்கள். ‘24’ என்று டயரில் எழுதியிருப்பது பெயர் மட்டுமே. தடித்த டயரை மாட்டிக் காற்றை முழுக்க நிரப்பினால் அதே ரிம்மில் 618ஐத் தாண்டிவிடும். பந்தயத்தன்று எவ்வளவு காற்று வைக்கப்போகிறோமோ அதே அழுத்தத்தில், வீட்டிலேயே அளந்து பார்ப்பது நல்லது. அங்கே போய்க் காற்றைக் குறைத்து அளவுக்குள் கொண்டுவந்தால், மெத்தென்ற டயரோடு ஓட வேண்டியிருக்கும்.

இந்த இரண்டு எண்களுக்கும் ஏன் இவ்வளவு கண்டிப்பு? பல்சக்கரமும் கியரும் இல்லாததால், ஒரு மிதி சுற்று என்பது ஒரு சக்கரச் சுற்று. 618 மி.மீ. சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.94 மீட்டர் போகும். 100 மீட்டருக்குச் சுமார் 51 சுற்று. 15 விநாடியில் முடிக்க நினைத்தால் நிமிடத்துக்கு 200 சுற்றுக்கு மேல் மிதிக்க வேண்டும். கிராங்க் குட்டையானால் கால் வரையும் வட்டம் சிறிதாகி மிதிப்பது வேகமாகும். அதைத்தான் 125 என்ற எல்லை தடுக்கிறது. இந்த வேகத்தில் சீட் அரை அங்குலம் உயரமாக இருந்தாலும் இடுப்பு இடமும் வலமும் ஆடும், அந்த ஆட்டம் நேரே சக்கரத்துக்கு இறங்கும், வண்டி தடத்துக்குள் பாம்பாக நெளியும். தடக்கோட்டைத் தாண்டினால் தகுதி நீக்கம். ஆகவே சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்டைக் கழற்றும் முன் உயரத்தைக் குறிக்க ஒரு சுற்று டேப் ஒட்டிவிட வேண்டும்.

பயணத்துக்குப் பெடலையும் சீட்டையும் கழற்றினால் பெட்டி சிறிதாகும். விபத்துக்கு விதை விழுவது அவற்றைத் திரும்ப மாட்டும்போது. இடது பெடலுக்கு எதிர்மரை, அதாவது எதிர்த்திசையில் திருகினால்தான் இறுகும். கிராங்கிலும் பெடல் அச்சு முனையிலும் இடதுக்கு ‘எல்’, வலதுக்கு ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். பெடலைச் சரியாக மாட்டிவிட்டு சீட்டை முன்பின் மாற்றி வைத்துவிட்டால்? சக்கரத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் என்ற அடையாளம் இல்லாததால் கண்ணுக்குத் தப்பு தெரியாது. ஆனால் இடது கிராங்க் இப்போது வலது காலுக்கு அடியில் இருக்கிறது. மிதிக்க மிதிக்க இரண்டு பெடலும் கழன்றுகொண்டே வரும். சுற்றுக்கு ஒரு முறை ‘டிக்’ என்று சத்தம் கேட்டால் உடனே இறங்கிப் பாருங்கள். தளர்ந்த பெடலோடு கொஞ்ச தூரம் ஓட்டினாலே அலுமினியக் கிராங்கின் மரை பிய்ந்துவிடும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. சதுர அச்சில் மாட்டும் கிராங்குக்கும் இதே கதிதான். போல்ட் தளர்வாக இருக்கும்போது மிதித்தால் சதுரத் துளை உருண்டையாகிவிடும். மாட்டி ஐந்து நிமிடம் ஓட்டியபின் ஒரு முறை மறுபடி இறுக்குவது பழக்கமாக வேண்டும்.

சக்கர அச்சின் பேரிங்கைச் சட்டகத்தோடு பிடித்திருக்கும் பேரிங் மூடிகள் இதற்கு நேர்மாறு. இறுக்க இறுக்கக் கெடும். இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைச் சுண்டிவிடுங்கள். தயங்கி நின்றால் மூடி பேரிங்கை நசுக்குகிறது என்று அர்த்தம்.

பைக்குள் 15 மி.மீ. பெடல் ஸ்பேனர், 4, 5, 6, 8 மி.மீ. ஆலன் கீகள், பம்பு, ஒரு ட்யூப், ஒரு ஜோடி பெடல், ஒரு கிராங்க் போல்ட் இருக்கட்டும். கடைசி இரண்டையும் அரங்கில் யாரிடமும் கடன் வாங்க முடியாது, அவரவருக்கு அவரவர் வண்டி. கூடவே ஷூ, முழங்கால் காப்பு, கையுறை மூன்றும். இவை இல்லாமல் தடகளத்தில் விடமாட்டார்கள். ஷூ லேஸை உள்ளே செருகிவிட வேண்டும். கிராங்கில் லேஸ் சுற்றிக்கொண்டால் கால் பெடலை விட்டு வராது, விழும்போது கையைத் தவிர ஊன்ற வேறொன்றும் இருக்காது.

தொடக்கம் கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான். ஒரு விநாடி இடைவெளியில் ஐந்து ஒலி, ஆறாவது வேறு சுருதியில் வரும் உச்ச ஒலி. அதற்குத்தான் புறப்பட வேண்டும். பெடல்கள் தரைக்கு இணையாக, பலமான கால் முன்னே. உடலை முன்னால் சாய்க்கலாம், சக்கரம் மட்டும் முன்னே உருளக்கூடாது. புதியவர்கள் ஒலி கேட்டபின் மிதிக்கிறார்கள். உடல் சக்கரத்துக்கு மேலேயே இருக்கும்போது மிதித்தால் சக்கரம் முன்னே ஓடிவிடும், ஆள் பின்னால் மல்லாந்து விழுவார். ஐந்தாவது ஒலிக்கும் ஆறாவதுக்கும் நடுவில் உடல் விழத் தொடங்க வேண்டும், ஆறாவதில் சக்கரம் அதைப் பிடிக்க ஓட வேண்டும். கம்பத்தை இறுக்கிப் பிடித்து அதையே தள்ளிப் புறப்படுகிறவர்களுக்கு அது சாய்ந்து உடலைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். விரல்களை மேலே வைத்துக்கொள்வதே போதும். ஆறு ஒலியையும் கைபேசியில் பதிந்துவைத்து, வீட்டில் சுவரைப் பிடித்தபடி ஐம்பது முறை செய்தால் காது பழகிவிடும்.

100 மீட்டரில் இறங்கினால் கதை முடிந்தது. 800 மீட்டரில் திரும்ப ஏறித் தொடரலாம். 800இல் அவரவர் தடத்திலேயே ஓட வேண்டிய பகுதி முடிந்தபின் முந்துவது முந்துகிறவரின் பொறுப்பு. இருவரின் சக்கரங்களுக்கு நடுவே ஒரு சக்கர விட்டம், அதாவது 618 மி.மீ. இடைவெளி வேண்டும். உள்பக்கம் இடுக்கில் நுழையும் ஆசை வந்தால் அந்த எண்ணை நினைத்துக்கொள்ளலாம். முடிவுக் கோட்டையும் கட்டுப்பாட்டோடு ஏறியபடியேதான் கடக்க வேண்டும். கோட்டின் மேல் குதித்து இறங்குவதும் அதற்கு ஒரு அடி முன்னால் விழுவதும் இங்கே ஒன்றுதான். மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் காலை இழுத்துக்கொண்டே போகும். ஆகவே கோட்டுக்கு அப்பால் நீண்ட தூரம் ஓடி வேகத்தைக் குறைக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

ஒற்றைக்கால் 50 மீட்டரில் முதல் 5 மீட்டருக்கு இரண்டு காலும் மிதிக்கலாம், அதற்குள் ஒரு காலை எடுத்துவிட வேண்டும். கூம்புகளுக்கு இடையே வளைந்து வளைந்து ஓடும் ஸ்லாலமில் கூம்பை உரசலாம், சாய்க்கக்கூடாது. இரண்டு வாய்ப்பு கிடைப்பதால் முதலாவதை அடக்கமாக முடித்து ஒரு நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டாவதில் பந்தயம் கட்டுவதே எங்கள் யோசனை. மெதுஓட்டம் 10 மீட்டர் நீளம், 15 செ.மீ. அகலப் பலகையில். நிற்கக்கூடாது, பின்னால் உருளக்கூடாது, பக்கவாட்டில் 45 பாகைக்கு மேல் முறுக்கக்கூடாது. இதைப் பார்வையாளர்கள் சிரித்துக்கொண்டே பார்ப்பார்கள். ஓட்டுகிறவருக்குத்தான் தொடை நடுக்கம் தெரியும்.

சாலைப் பந்தயமும் மலைப்பாதையும் வேறு உலகம். அங்கே ஹெல்மெட் கட்டாயம், சக்கரமும் கிராங்கும் வேறு. உள்ளரங்கக் கலைநிகழ்ச்சிக்குத் தரையில் கறைக்கோடு போடாத டயரும் பிளாஸ்டிக் பெடலும் தேவை. மூன்றுக்கும் ஒரே நாளில் பெயர் கொடுத்தால், பதக்கத்தைவிட டயர் மாற்றுவதற்கே நேரம் போதாது.

போட்டி அட்டவணை முதல் நாள் காலையிலேயே மாறக்கூடும். அறிவிப்புப் பலகையில் உங்கள் பெயர், பிரிவு, தடம், எந்த ஹீட் (முதல்கட்ட ஓட்டக் குழு) என்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முடிவு ஒட்டப்பட்டதும் நேரம் சரிதானா என்று உடனே பாருங்கள். ஆட்சேபத்துக்குக் கெடு குறுகியது, எழுத்தில்தான் கொடுக்க வேண்டும்.