முதலுதவி அறையின் மாத்திரை நோட்டு

திருப்பூர் பனியன் கம்பெனிகளில், ஊசி குத்திய விரலுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது முதலுதவி அறையில் எல்லோருக்கும் தெரியும். தலைவலிக்கு அந்தத் தெளிவு இல்லை. மதியம் தாண்டி, டீ வருவதற்குச் சற்று முன், "அக்கா, ஒரு மாத்திரை குடுங்க" என்று டெய்லர்கள் வந்து நிற்பார்கள். நோட்டில் தேதி, டோக்கன் நம்பர், புகார், கொடுத்தது, கையெழுத்து என ஒரு வரி ஏறும். பாராசிட்டமால் 500, ஒரு டம்ளர் தண்ணீர். இரண்டே நிமிடத்தில் ஆள் ஓவர்லாக் மெஷினுக்குத் திரும்பிவிடுவார்.

அந்த நோட்டைப் பின்னோக்கிப் புரட்ட வேண்டும். ஒரே டோக்கன் நம்பரைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதப் பக்கங்களில் விரலை ஓட்டினால்தான் விஷயம் தெரியும். ஏற்கெனவே தலைவலித் தொல்லை உள்ள ஒருவர் பாராசிட்டமால், ஐபுபுரூஃபென் போன்ற வலிமாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ போட்டு, அது மூன்று மாதம் தாண்டினால், மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்கும். காஃபின் கலந்த கூட்டு மாத்திரைக்கும், ஒற்றைத் தலைவலிக்கென்றே கொடுக்கும் டிரிப்டான் வகை மருந்துக்கும் மாதம் 10 நாளே போதும். எண்ண வேண்டியது மாத்திரையை அல்ல, மாத்திரை போட்ட நாளை. ஒரு நாளில் மூன்று போட்டாலும் கணக்கில் அது ஒரு நாள்தான். தினமும் ஒன்று என்றால் 30 நாள். "ஒண்ணே ஒண்ணுதானே போடறேன்" என்பவர்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார். வீட்டிலும் மளிகைக் கடையிலும் வாங்கிப் போட்டது நோட்டில் இருக்காது. கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நிறுத்தினால் உடனே சுகம் கிடைக்காது. 2 முதல் 10 நாள் வரை வலி கூடும். குமட்டலும் தூக்கமின்மையும் சேரும். ஷிப்மென்ட் நெருக்கடியில் ஆரம்பித்தால் மூன்றாம் நாளே கை மறுபடி மாத்திரை அட்டைக்குப் போய்விடும். வேலை சற்றுத் தணிந்த வாரத்தைப் பார்த்து, மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். கோடீன் போன்ற அபின் வகை வலி மருந்தோ தூக்க மாத்திரையோ தினமும் எடுப்பவர் தானாகத் திடீரென நிறுத்தக் கூடாது.

எந்தத் தலைவலி என்பதைக் கையைப் பார்த்தே பாதி ஊகிக்கலாம். துண்டை இறுக்கிக் கட்டியது போல இரு கைகளாலும் தலையைச் சுற்றிக் காட்டினால், இறுக்கத் தலைவலியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பக்கப் பொட்டில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, "விண்விண்ணுனு தெறிக்குது, குமட்டுது, மெஷின் சத்தமே ஆகல" என்றால் ஒற்றைத் தலைவலியை நினைக்க வேண்டும். மருந்தில்லாமல் விட்டால் அது 4 முதல் 72 மணி நேரம் வரை நீளும். ஒற்றைத் தலைவலிக்காரர் செய்யும் பெரிய தவறு பொறுத்துப் பார்ப்பது. வலி முற்றியபின் வயிற்றின் அசைவும் மந்தமாகிவிடுவதால், விழுங்கிய மாத்திரை உடம்பில் சேரத் தாமதமாகும். ஆரம்பத்திலேயே மருத்துவர் சொன்ன முழு அளவைப் போடலாம். ஆனால் வாரத்துக்கு இரண்டு நாளுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மாத்திரை தொடாத காரணங்கள் மெஷினைச் சுற்றியே கிடக்கின்றன. காலை எட்டரைக்கு ஏறி, ஒன்றரை ஷிப்டு முடித்து இரவு எட்டரைக்கு இறங்கும்வரை, சாயாத ஸ்டூலில் கழுத்தை முன்னால் நீட்டி ஊசியைப் பார்க்கிறார்கள். பெரியவர் ஒருவரின் தலை ஏறத்தாழ 5 கிலோ. அதை முன்னால் தொங்கவிட்டுப் பிடித்து நிற்பது பிடரித் தசைகள். முதுகு தாங்கும் நாற்காலி, பாதம் பெடலில் முழுதாகப் பதியும் உயரம், கண்ணில் அடிக்காமல் ஊசி முனையில் மட்டும் விழும் விளக்கு ஆகிய மூன்றையும் கம்பெனிதான் செய்ய வேண்டும். டெய்லர் தலையில் கட்டக் கூடாது. டெய்லர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: தைக்க வரும் துணிக்கட்டு (பண்டில்) மாறும் இடைவெளியில் நிமிர்ந்து, முகவாயை நேராகப் பின்னுக்கு இழுத்து 5 நொடி, பத்து முறை.

தண்ணீர் விஷயம் மனதை உறுத்துகிறது. பாத்ரூம் போனால் கணக்குப் பார்க்கிறார்கள் என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பெண்கள் இருக்கிறார்கள். பட்டினி வயிற்றோடு ஐபுபுரூஃபென் போட்டால் இரைப்பை புண்ணாகும்; உடம்பில் நீர் வற்றியிருந்தால் சிறுநீரகத்துக்கும் கேடு. அவருக்கு மாத்திரையைவிட முதலில் தேவைப்படுவது பாத்ரூம் போக அனுமதி.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரும் தலைவலியையும் விசாரிக்க வேண்டும். ஆறு நாள் டீயும் தூக்கமும் ஒரு கணக்கில் ஓடி, ஞாயிறு பத்து மணிவரை படுத்து டீ தள்ளிப்போனால், காஃபின் இல்லாத குறையே வலியாகிறது.

மாத்திரையை உதிரியாகக் கையில் கொடுக்காதீர்கள். 2019-ல் தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலிக்குப் பெயர் தெரியாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டது செய்தியானது. பெயரும் காலாவதித் தேதியும் தெரியும்படி அட்டையை வெட்டிக் கொடுப்பது கஷ்டமான வேலை இல்லை.

சில தலைவலிக்கு நோட்டைத் தேடவே கூடாது. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போன வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வாய் கோணல், பேச்சுக் குழறல், கைகால் பலவீனம், தலையில் அடிபட்டபின் வலி, கர்ப்பிணிக்குப் பார்வை மங்கலோடு வலி என்றால் உடனே 108.

மற்றவர்களை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அனுப்பும்போது ஒரு துண்டுச் சீட்டு போதும். மாதத்தில் எத்தனை நாள் வலி, எத்தனை நாள் மாத்திரை, எத்தனை நாள் வேலை கெட்டது, மாதவிடாயை ஒட்டி வருகிறதா. வரிசையில் காத்திருந்து உள்ளே போகிறவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில், மருத்துவர் முதலில் கேட்பது இந்த நான்கைத்தான்.