டீ இடைவேளையில் மாட்டிக்கொண்டேன்

நேற்று சென்னையில், என்னைப் போல நிறுவன ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்களின் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். மேடைப் பேச்சு சுமார்தான். டீ இடைவேளையில், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சி கொடுக்கும் அக்கா கேட்டார்: "வகுப்பு முடிஞ்சதும் ஃபீட்பேக் ஃபார்ம் வாங்குறீங்க, சரி. மூணு மாசம் கழிச்சு, அவங்க வேலை செய்யுற புரொடக்ஷன் லைனுக்குப் போய்ப் பார்த்திருக்கீங்களா?"

பயிற்சி பலித்ததா என்று அளக்க, அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-லேயே எழுதிய நான்கு படிகள்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, நிறுவனத்துக்குப் பலன் உண்டா. 12 வருடமாக இதை ஸ்லைடில் காட்டிக்கொண்டிருக்கிறேன். நானோ முதல் படியிலேயே உட்கார்ந்து, சாப்பாடு எப்படி என்று மார்க் வாங்குகிறேன். (அதற்கு மட்டும் எப்போதும் ஐந்துக்கு ஐந்து.)

விசிட்டிங் கார்டு இருபது சேர்ந்தது. போனில் ஏற்றியது அக்காவின் எண்ணை மட்டும். அடுத்த வியாழன் அவருடைய லைனைப் பார்க்கப் போகிறேன்.