கம்பி எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?

எங்கள் வீட்டுப் பால்கனித் தளத்துக்குக் கான்கிரீட் போட்ட அன்று காலை, கம்பிகளின் மேல் ஆட்கள் கலவைச் சட்டியோடு நடந்து நடந்து, மேற்பக்கம் இருக்க வேண்டிய கம்பிகள் கலவையைத் தாங்க அடியில் அடித்த சென்ட்ரிங் பலகையைத் தொடும் அளவுக்கு அமுங்கிப் போயிருந்தன. வேலையை நிறுத்தச் சொன்னேன். "கம்பி உள்ளேதானே சார் இருக்கு, மேலே இருந்தா என்ன, கீழே இருந்தா என்ன?" என்று மேஸ்திரி கேட்டார். அவர் மனதறிந்து தவறு செய்கிறவர் அல்லர். யாரும் அவருக்குக் காரணத்தை விளக்கியதில்லை.

ஒரு சாக்பீஸை இரு முனைகளிலும் பிடித்து உள்நோக்கி அழுத்தினால் அது எளிதில் உடைவதில்லை. சற்றே வளைத்தால், விரியும் பக்கத்தில் விரிசல் விட்டு நொடியில் முறிகிறது. கான்கிரீட்டும் அப்படித்தான். எம்20 தரக் கான்கிரீட் என்றால், அதில் வார்த்த 150 மில்லிமீட்டர் கனசதுரம் 28 நாள் கழித்துச் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்று பொருள். ஆனால் இழுவிசையை அது ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் கம்பி. இருபுறமும் சுவரில் உட்கார்ந்த தளம் நடுவில் தொய்யும்போது அடிப்பக்கம் இழுபடுவதால் கம்பி கீழே கிடக்கிறது. ஒரு பக்கம் மட்டுமே பிடிமானமுள்ள பால்கனியில் இழுபடுவது மேற்பக்கம். 5 அங்குலத் தளத்தில், அடியிலிருந்து 4 அங்குல உயரத்தில் இருக்க வேண்டிய கம்பி 2 அங்குலத்துக்கு இறங்கிவிட்டால், தாங்கும் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். பூசி முடித்த பிறகு எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது என்பதுதான் எனக்கு அச்சம் தருவது.

வெயிலில் இரும்பும் கான்கிரீட்டும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிவதால்தான் இந்தக் கூட்டு நிலைக்கிறது. பிரான்சில் ஜோசப் மோனியர் என்ற தோட்டக்காரர், சிமெண்ட் பூந்தொட்டிகள் உடையாமலிருக்க இரும்பு வலை வைத்து 1867இல் காப்புரிமை பெற்றார்.

நம் எலும்பிலும் இதே கூட்டு இருக்கிறது. கோழிக்கால் எலும்பைச் சில நாள் வினிகரில் ஊறவைத்தால் சுண்ணாம்புச் சத்து கரைந்து ரப்பர்போல வளைகிறது; அடுப்பில் நன்றாகச் சுட்டால் கொலாஜன் என்ற புரத நார் எரிந்து, தொட்டதும் நொறுங்குகிறது. அழுத்தத்தைத் தாங்க ஒன்று, இழுப்பைத் தாங்க ஒன்று. ஆனால் எலும்பு, சுமை எங்கே விழுகிறதோ அங்கே தன்னையே தடிப்பாக்கிக்கொள்கிறது. இதை ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் எழுதினார். டென்னிஸ் வீரர்களின் ஆடும் கை எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருப்பதும், எடையின்றி மிதக்கும் விண்வெளி வீரர்களின் எலும்பு தேய்வதும் அதனால்தான். கான்கிரீட்டுக்கு அந்த அறிவு கிடையாது. மனிதர்தான் கம்பியை உரிய இடத்தில் வைக்க வேண்டும்.

சாக்பீஸை ஒடித்துக் காட்டியதும் மேஸ்திரி அதை வாங்கித் தாமே இன்னொரு முறை ஒடித்துப் பார்த்தார். பிறகு கம்பிகளைத் தூக்கி அடியில், கம்பியை வளைத்துச் செய்த நாற்காலி போன்ற 'சேர்'களை முட்டுக்கொடுத்து, நடப்பதற்குத் தனியே பலகை போடச் சொன்னார். ஒரு மணி நேரம் தாமதமாக, கலவை மீண்டும் ஏறத் தொடங்கியது.