கேத்தலுக்கு ஐடென்டிகாட்

நேத்துக் காலையில் பெரியம்மா கேத்தலைத் தேய்த்துவிட்டார். சாம்பல் போட்டு, தேங்காய்ப் பொச்சால், அடியிலிருந்து மூக்கு வரைக்கும். விறகடுப்பில் வருசக்கணக்காய் ஏறிய கரி, பீலித் தண்ணியோடு பள்ளத்துக்குப் போய்விட்டது.

"போட்டோ புடிக்கிற சாமானை இப்படியா வைக்கிறது? பார்க்கிறவங்க என்ன நெனப்பாங்க?"

கறுப்பு வெள்ளையில் படமெடுக்க இருந்ததே அந்தக் கரியைத்தான். வண்ணத்தை எடுத்துவிட்டால் மிச்சம் வெளிச்சம், உருவம், மேற்தோல், அவ்வளவுதான். கரி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால் ஒவ்வொரு பொருக்கும் தன் நிழலோடு எழும்பி நிற்கும். தேய்த்த அலுமினியம் அப்படியில்லை. ஜன்னல், கூரைத் தகரம், முக்காலி, அதுக்குப் பின்னால் கட்டம் போட்ட சாரம் எல்லாம் கேத்தல் வயிற்றுக்குள் வளைந்து நெளிந்து தெரியும். வெள்ளை பிரிஸ்டல் போர்ட் அட்டை இரண்டை இரண்டு பக்கமும் நிறுத்தி, முன்னால் ஒன்றில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை வெட்டி, அந்த ஓட்டை வழியாக எடுக்க வேண்டும். பிறகு கேத்தலில் தெரிவது வெள்ளையும், நடுவில் லென்ஸின் கறுப்புப் பொட்டும் மட்டும். கேத்தலைக் கொஞ்சம் திருப்பினால் பொட்டு கைப்பிடி நிழலுக்குள் ஒளிந்துகொள்ளும்.

பின்னணிக்கு அப்பாயியின் பழைய கறுப்புக் கம்பளி. மலையில் இதைவிட நல்ல கறுப்பு கிடையாது, வெளிச்சத்தை அப்படியே குடித்துவிடும். படங்கு வேண்டாம், மினுங்கும். கம்பளியை மேசைக்கு நாலடி பின்னால் தொங்கவிட வேண்டும். ஒட்டிக் கட்டினால் ஜன்னல் வெளிச்சம் அதிலும் விழுந்து நூல் நூலாய்த் தெரியும். கேமராவோ கறுப்பைக் கண்டால் சாம்பலாக்கப் பார்க்கும் பிறவி. அதனால் அளவை ஒரு ஸ்டொப், அதாவது வெளிச்சம் பாதியாகும்படி, குறைத்து வைக்க வேண்டும். வெளியே மூடுபனி, வெளிச்ச உணர்திறன் ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப் 8 என்றால் ஷட்டர் ஒரு செக்கன் வரை போகும். இரண்டு செக்கன் டைமரைப் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடலாம். பலகைத் தரையில் யாரும் நடக்கக் கூடாது.

நடந்தார்கள். தொங்கல் வீட்டு அக்கா பிளாஸ்டிக் ரோசாவோடு வந்தார். "வெறும் கேத்தல் மொட்டையா இருக்கு." சிவப்புப் பூவும் பச்சை இலையும் கறுப்பு வெள்ளையில் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாய் விழுந்து ஒரு கட்டியாகிவிடும் என்று சொன்னால் நம்பவா போகிறார்? இதே பொகவந்தலாவை புனித மரியாள் கோயிலில் அடக்கமாகியிருக்கும் அந்தக் காலத்துப் புகைப்படக்காரர் ஜூலியா மார்கரெட் கேமரன் படமெடுத்த ஈரக் கண்ணாடித் தகடுகளுக்குச் சிவப்பே தெரியாது, அதில் ரோசா கறுப்பாய்த்தான் விழும். 1879இல் போய்ச் சேர்ந்தவரைச் சாட்சிக்குக் கூப்பிட முடியவில்லை. அடுத்து சித்தப்பா, ஒரு பிஸ்கட் பக்கட்டை வைத்தார். விருந்தாளிக்கு மரியாதையாம்.

1928இல் பாரிசில் புகைப்படக்காரர் கெர்தேஸ் எடுத்தது ஒரு முள்ளுக்கரண்டி, ஒரு தட்டின் விளிம்பு, அவற்றின் நிழல். வேறொன்றுமில்லை. நல்லவேளை, அவர் தோட்டத்து லயத்தில் குடியிருக்கவில்லை.

எல்லாவற்றையும் எடுத்த பிறகும் கேத்தல் லேசான சாமான் இல்லை. மூக்கு பார்க்கும் பக்கம் இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் முட்டுகிற மாடு மாதிரி இருக்கும். கைப்பிடி படத்தின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றால் கண் அங்கேயே சிக்கிக்கொள்ளும். ஒன்று நன்றாக உள்ளே, இல்லை துணிந்து வெட்டிவிட வேண்டும். கைப்பிடிக்கும் மூடிக்கும் நடுவில் உள்ள கறுப்பு ஓட்டை முக்கியம். கேமராவை உயர்த்தினால் அது அடைந்துபோய் உருவமே செத்துவிடும். கேத்தல் கழுத்தளவுக்கு இறக்கினால் சரி.

படத்தைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா கேட்டார்: "கலர் எங்க? கேத்தலுக்கு ஐடென்டிகாட்டா எடுக்கப் போறீங்க?"

சிரிப்பதா என்று தெரியவில்லை. அவருக்குத் தெரிந்த கறுப்பு வெள்ளை அடையாள அட்டைப் படம்தான். 2003இல் மலையகத் தமிழருக்குக் குடியுரிமை தரும் சட்டம் வந்த பிறகும் கந்தோர் கந்தோராய் அலைந்து வாங்கிய அட்டை, இன்னும் தகரப்பெட்டியில் சேலைக்கு அடியில் இருக்கிறது.

ராத்திரி படம் குடும்ப வாட்ஸ்அப்பில் போனது. கொழும்புக் கடையில் நிற்கிற தம்பி உடனே குரல் பதிவு அனுப்பினான்: "பெரியம்மா, ஏன் ஒண்ணும் சொல்லல்ல? வீட்டுல வேற சாமானே இல்லையா? சம்பளம் வந்ததும் புதுக் கேத்தல் அனுப்புறேன்."

புதுசு இதைவிடப் பளபளக்கும். பிரிஸ்டல் போர்ட் இன்னும் இரண்டு வாங்கி வைக்க வேண்டும்.